அக்கா மறந்த கணக்கு

"மூணோட அடுக்கு எக்ஸ், இருபதுக்குச் சமம். ரெண்டு பக்கமும் லாக் எடுத்தா எக்ஸ் கீழ வந்துரும்மா" என்று மகள் சொல்லிக்கொண்டே எழுதினாள். என் அக்கா அமுதாவும் இப்படித்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவாள்.

சின்னமனூர் வீட்டில் அவள் பிளஸ் டூ படித்தாள். அடுப்படியில் புளி கொதிக்கும் வாசனைக்கு நடுவே லாக் எனும் மடக்கை அட்டவணையில் விரலை ஓட்டி விடை தேடுவாள். தோட்டத்திலிருந்து வரும் அப்பா, அவள் படிப்பதைப் பார்த்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். அவரேதான் பரீட்சைக்கு முன்பே கல்யாணம் பேசினார்.

"பரீட்சை மட்டும் எழுதிக்கிறேம்ப்பா."

"மாப்பிள்ளை வீட்டுல இந்த மாசமே வேணுங்கிறாக, ஆத்தா."

அக்கா கம்பத்துக்கு வாழப்போனாள். சில வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வந்தவளிடம் என் லாக் கணக்கை நீட்டினேன். ஆசையாகப் பென்சிலை வாங்கினாள். முதல் வரியை எழுதினாள். பிறகு வெகுநேரம் தாளையே பார்த்தாள்.

"இதுக்கு மேல மறந்துபோச்சுடி" என்று குலுங்கி அழுதாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மகள் விடையைக் காட்டி, "சரியாம்மா?" என்றாள். சரியென்று தலையாட்டினேன்.