கோரை ஏரியில் வேடிக்கை பார்த்தது

வழி தவறிப் போவதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு ஆரணியிலிருந்து புறப்பட்டவர்கள் நாங்கள் மூன்று பேராகத்தான் இருக்கும். எல்லாம் எங்கள் தெருவில் குடியிருந்த வக்கீல் குமாஸ்தா செய்த வேலை. சந்தவாசல் போகிற வழியில் உள்ள ஏரிக்கு வாத்து சுட வந்த ஒரு துரை, அங்கே கோரைக்குள் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்களைப் பார்த்துச் சொக்கிப்போனாராம். தங்கள் சீமையில் பெரிய மனிதர்கள் தோட்டத்துச் செடியைச் சுவர் மாதிரி வளர்த்து, வேண்டுமென்றே அதற்குள் புகுந்து தொலைந்து, சிரித்துக்கொண்டு வெளியே வருவார்களாம். அப்படி ஒன்று இந்தக் காட்டில் தானாகவே முளைத்திருக்கிறதே என்று வியந்தாராம். குமாஸ்தா இதைக் கோர்ட்டுக் கச்சேரியில் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் ஒப்பித்தார். நம் ஊரில் தொலைந்துபோக வேண்டுமென்றால் ஒரு வழக்குப் போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

துரை பார்த்ததை நாம் பார்க்காமல் விடுவது மரியாதையா என்றார் எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர். அவர் தறிக்குழியிலிருந்து கடைமேடைக்கு ஏறிப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. துரைகள் செய்வதில் எதையும் விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. குடை பிடிப்பார், பிஸ்கோத்து தின்பார், தின்றுவிட்டுத் தீட்டுப் போக வாய் கொப்பளிப்பார். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது என்பதால் அன்றைக்கே போவது என்று முடிவாயிற்று. பட்டு நெய்வதைத் தவிர வேறொன்றும் அறியாத நானும் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

துரை சொன்னபடி அந்த வாய்க்கால்கள் தானாக முளைத்தவை அல்ல. பாய்க்குக் கோரை அறுக்கிறவர்கள் காலம் காலமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்து உண்டாக்கிய வழிகள். ஒரு குடும்பத்தின் பங்கில் இன்னொரு குடும்பம் அரிவாள் வைக்கக் கூடாது. அப்படி ஒதுங்கி ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனதில் வழிகள் கோணலாகிப் போயின. அவர்கள் யாரும் அதற்குள் சிரிப்பதற்காகப் போவதில்லை.

துரைக்குத் தெப்பம் தள்ளிய ஆள்தான் கரையில் இருந்தான். அவனும் கோரை அறுக்கிறவன். பக்கத்தில் வேலமரத்துக் கிளையில் ஏணை கட்டியிருந்தது, உள்ளே கைக்குழந்தை. எங்களைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். விஷயத்தைச் சொன்னோம். இன்னொரு நாள் வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். துரைக்கு மட்டும்தான் தள்ளுவாயோ என்று குமாஸ்தா ஒரு போடு போட்டார். அவன் கழியை எடுத்தான். எடுத்துவிட்டு இதை மட்டும் சொன்னான்:

“எம் பொஞ்சாதி உள்ள அறுத்துகினு கீறா சாமி. அம்ம வார்த்து ரெண்டு கண்ணும் போச்சி அவளுக்கு. வழி பிரியிற எடத்துல எல்லாம் கோரையில முடிச்சி போட்டு வெச்சிக்கீறேன். அதத் தடவிகினே கொழந்தைக்குப் பால் குடுக்க வந்துடுவா. தயவு பண்ணி கோரையத் தொடாம வாங்க.”

ஐயோ பாவம் என்றேன் நான். மனசாரத்தான் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரரும் உச்சுக்கொட்டினார். அடுத்தபடியாக, அவன் கால் பட்ட தெப்பத்தில் நாங்கள் உட்காருவதா என்ற பெரிய கேள்வி எழுந்தது. ஜமக்காளம் விரித்தால் தோஷமில்லை என்று குமாஸ்தா தீர்ப்புச் சொன்னார். விரித்து உட்கார்ந்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, உள்ளே அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கோரை. தலைக்கு மேலே சேலைக் கரை அகலத்துக்கு வானம். ஒரு திருப்பம் திரும்பினால் வந்த வழி மறைந்துபோகும். முக்குளிப்பான் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் முழுகியது, எழுந்த இடம் தெரியவில்லை. சீமையில் இருப்பது போலவே இருக்கிறது என்று குமாஸ்தா நெகிழ்ந்தார். வேலூரைத் தாண்டி அவர் ஓர் அடி வைத்தவரில்லை. ஜவுளிக்கடைக்காரர் அங்கவஸ்திரத்தின் சரிகை நனையாமல் அதைத் தலையில் சுற்றிக்கொண்டு, வழி தவறிவிட்டோமா, தவறிவிட்டோமா என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கோரைக்காரன் முன்னால் நின்று, தண்ணீரைப் பார்த்துக் கழி ஊன்றிக்கொண்டிருந்தான். அதனால் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்தது அவனுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? ஏழு வயதில் தறிப் பாவில் கை வைத்தவன் நான். இழைகளின் மேல் விரல் ஓடும்போது தடித்த முடிச்சு தட்டுப்பட்டால் விடக் கூடாது. விட்டால் அது தறியின் அச்சில் மாட்டி இழை அறும், அன்றைய வேலை பாழ். அதனால் விரல் கண்ணையும் கேட்காது, புத்தியையும் கேட்காது, தானே அவிழ்த்துவிட்டு மேலே போகும். வாய் அதன் பாட்டுக்கு ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் அப்படித்தான். நான் தெப்பத்தின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கோரை கையை உரசிக்கொண்டு வந்தது. முடிச்சு வந்தது, அவிழ்ந்தது. அடுத்தது வந்தது, அதுவும் அவிழ்ந்தது. அந்த நேரத்தில் நான் பேசிய பேச்சைக் கேளுங்கள்: கண்ணில்லாத ஒருத்தி இந்தத் தண்ணீரில் தனியாக நின்று எப்படித்தான் அறுக்கிறாளோ, கடவுளுக்குக் கண்ணில்லையா என்று உருகிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஜவுளிக்கடைக்காரர். பத்து வருஷம் கடையில் உட்கார்ந்தால் மட்டும் கை மறந்துவிடுமா?

வெயில் உச்சிக்கு ஏறியது. போதும், வயிறு கேட்கிறது என்றோம். தெப்பத்தை அதே வழியில் திருப்பினான். முதல் பிரிவு வந்ததும் கழி நின்றது. கையை நீட்டிக் கோரைத் தண்டுகளைத் தடவிப் பார்த்தான். அடுத்த பிரிவுக்கு வேகமாகத் தள்ளினான். அங்கேயும் கோரை முடிச்சில்லாமல் நிமிர்ந்து நின்றது. அவன் திரும்பி எங்கள் கைகளைப் பார்த்தான். நானும் என் கையைப் பார்த்தேன். விரல் நுனி பச்சையாக இருந்தது.

அவன் வாயைக் குவித்துக் கூவினான். பதிலுக்கு ஒரு பெண் குரல் தெற்கே கேட்டது, பிறகு மேற்கே கேட்டது. காற்றில் கோரை சலசலத்து எல்லாத் திசையையும் ஒன்றாக்கிவிட்டது. கரையில் குழந்தை அழத் தொடங்கியது. அவன் கழியை எங்கள் காலடியில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்துக் கோரைக்குள் மறைந்தான்.

பெரிய மனிதர்களை நடு ஏரியில் விட்டுவிட்டுப் போகிறானே, என்ன திமிர் என்றார் ஜவுளிக்கடைக்காரர். பேஜாராகப் போயிற்றே, மனு எழுதிப் போட்டால்தான் சரிப்படுவான் என்றார் குமாஸ்தா. குழந்தை வீறிட்டது. அந்தப் பெண்ணின் குரல் ஒரு தரம் கிட்டே வந்தது, மறு தரம் எங்கோ ஆழமான பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் ஆளை மூழ்கடித்துவிடும் என்று வரும்போதே அவன் சொல்லியிருந்தான். நான் எழுந்தேன். தெப்பம் ஆடியது. உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அந்தச் சற்று நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. அப்போது எங்கள் தெப்பத்துக்கு ஒரு கை தூரத்தில் கோரைச் சுவர் ஆடியது. வழியில்லாத இடம், அறுக்காத கோரை. அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று குழந்தை அழும் திசைக்கு நேராகப் போயிற்று. மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. சற்றுக் கழித்துக் கரையில் அழுகை நின்றது.

கோரைக்காரன் மார்பளவு தண்ணீரில் திரும்பி வந்து, எங்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவள் வேலமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோரை கிழித்ததில் இரண்டு கையும் முகமும் கோடு கோடாக ரத்தம். முடிச்செல்லாம் எங்கே போயிற்று என்று புருஷனைக் கேட்டாள். அவன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. எருமை பூந்துவிட்டது என்றான்.

“எரும இருந்தா கடிச்சிருக்கும்,” என்றாள் அவள். “இது ஒரு நாரு கூட அறாம அவுத்துக்கீது.”

நான் கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். ஜவுளிக்கடைக்காரர் இருமினார். அவள் முகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். யார் என்று கேட்டாள். ஆரணியிலிருந்து ஏரியைப் பார்க்க வந்த பெரியவங்க என்றான் அவன். அவள் சட்டென்று மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பது போலக் கேட்டாள்:

“நல்லாப் பாத்தீங்களா சாமி?”

குமாஸ்தா வண்டியைப் பார்த்து நடந்தார். ஜவுளிக்கடைக்காரர் ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நான்தான் மிச்சம். அவிழ்த்தது நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“நல்லாப் பாத்தோம்மா,” என்றேன்.