பம்ப் ஹவுஸ் கடைசியாகச் சொன்னது

மோட்டாரம்மா ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பள்ளிக்கூடத் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை. எட்டு மணி வரை சாவி அந்த வால்வை விட்டு நகர முடியாது.

சாவி என்பது ஊர் வைத்த பெயர். அவர் நகராட்சியில் வால்வு திறப்பவர். இடுப்பளவு இரும்புத் திருகியைத் தோளில் சாத்திக்கொண்டு சைக்கிளில் போகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? பதினோரு வருடமாகக் காலை ஐந்தரைக்கு அவர் ஏதாவதொரு தெருமுனையில் குழிமூடியைத் தூக்குவார். இரண்டு மைல் தள்ளி, மேட்டிலிருந்த பம்ப் ஹவுஸில், மோட்டாரம்மா சுவிட்சில் கை வைத்துக் காத்திருப்பார். நடுவில் அலுவலகம் கொடுத்த இரண்டு வாக்கி டாக்கிகள்.

"சாவி, போடட்டுமா?"

"இருங்க மேடம். இன்னும் ரெண்டு சுத்து. வால்வுக்கு இன்னும் தூக்கம் கலையல."

"உங்களுக்குக் கலைஞ்சுதா?"

"நீங்க கூப்பிட்டப்பவே கலைஞ்சுருச்சு."

பேச்சு இவ்வளவுதான். சம்பள நாளில் அலுவலக வராந்தாவில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் வாய்ப்பூட்டு விழுந்துவிடும். அமுக்க ஒரு பொத்தான் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தெரியாதவர்களாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

அந்த வருட பட்ஜெட்டில் மாநில அரசு, ஊர்களுக்குத் தரும் மானியத்தில் கை வைத்தது. செய்தியில் அது ஒரு வரி. "மேல ஒரு வால்வைத் திருகிட்டாங்க. கடைக்கோடி வீடு நாமதான்" என்றார் அலுவலகக் குமாஸ்தா. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை என்றானது. நூலகம் சாயங்காலத்தில் பூட்டிக்கொண்டது. ஒப்பந்த ஊழியரான மோட்டாரம்மாவுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர் இடத்துக்கு, சுவரில் மாட்டும் ஒரு டைமர் வந்தது. வாக்கி டாக்கிகளையும் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நாள் காலை தண்ணீர் வந்ததும், "வந்துருச்சு மேடம்" என்றார் சாவி. செட்டை வாயருகே கொண்டுவந்தார். பதினோரு வருடத் துணிச்சலையும் திரட்டிப் பொத்தானை அமுக்கினார். "போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா போகாதீங்க."

விரலை எடுத்ததும் மோட்டாரம்மா குரலின் வால் மட்டும் கேட்டது: "...ஏழு."

பிறகு வெறும் இரைச்சல். இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கியிருந்தார்கள். அந்தக் கருவியில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மேட்டில் செட்டை வாங்கிப் போக ஆள் வந்துவிட்டிருந்தான்.

ஏழு மணி பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்தார். எட்டு மணிக்கு வால்வை மூடிவிட்டு, போய் என்ன ஆகப்போகிறது என்று நேரே வீட்டுக்குப் போனார். பத்து மணிக்குக் குமாஸ்தா சொன்னார்: "பாவம், ஒன்பது மணி பஸ்ல தம்பி ஊருக்குக் கிளம்பினாங்க. வழியனுப்ப ஒரு ஆள் இல்ல."

அப்படியென்றால் ஏழு என்பது என்ன?

டைமர் எதையும் கேட்பதில்லை. ஒருநாள் சைக்கிள் பஞ்சரானபோது, அவர் வந்து வால்வைத் திறக்கும் முன்பே மோட்டார் ஓடிக் குழாய் வெடித்தது. ஒட்டுப்போட நகராட்சிக்குப் பதினெட்டு நாளாயிற்று. ஊர் சாவியைத்தான் திட்டியது. அவரோ பழக்கதோஷத்தில் குழிக்குள் குனிந்து "இருங்க மேடம்" என்பார். கூடவே குடியிருந்த அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"குழிக்குள்ள யாருடா இருக்கா, காலங்காத்தால இவ்வளவு மரியாதையா பேசுற?"

"வால்வுதான்."

"வால்வுக்கு மேடம்னு பேரா?"

மோட்டாரம்மாவின் நம்பர் அலுவலகக் கோப்பில் இருக்கும். பத்து மணிக்கு அதைக் கேட்டால் பதினொரு மணிக்கு எல்லாக் குழாயடியிலும் அதுதான் பேச்சு. போய்விட்ட பெண்ணின் பெயரை ஊர் வாயில் போடுவதா? கேட்கவில்லை. ஏழு என்ன என்று மட்டும் யோசித்தார். ஏழாம் நம்பர் வால்வா? ஏழாம் தேதியா? ஏழாம் தேதிகள் வந்து வந்து போயின.

அடுத்த வருடம் மானியம் மறுபடி சுருங்கியது. புகார்ப் பிரிவை மூடிவிட்டு, பெரிய தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சாவியின் பெயரோடு அவர் சொந்த நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள். அதிலிருந்து அவருடைய போனுக்கு ஓய்வில்லை. "அண்ணே, எங்க தெரு இந்த ஊர்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று ஒருவர். வெறும் காலிக்குடத்தின் படத்தை அனுப்பினார் இன்னொருவர்.

மூன்றாம் வருடம், ஒரு மழைநாள் மத்தியானம், இன்னொரு செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து, எந்தத் தெருவோ என்று படிக்க ஆரம்பித்தார்.

"பஸ்ல போறப்போ தொட்டிச் சுவத்துல உங்க நம்பர் பாத்தேன். அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கிட்டோம். நான் சொன்னது ஏழுல முடியற இந்த நம்பரைத்தான். நீங்க என்ன சொன்னீங்கன்னு இன்னும் தெரியல. இப்ப நான் அமுக்கல, சாவி. சொல்லுங்க."