தெல்தெனியப் பாவாக்களும் பேர்கன் பாடகர்களும்

பேர்கனில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில், எனக்கு நேர் கீழே வசிக்கும் முதியவர் ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார். கையில் டோர்ச் லைட். தண்ணீர்க் குழாயில் எங்கோ காற்று கசிகிறது, சீட்டியடிப்பது போலச் சத்தம் வருகிறது, உன் வீட்டிலும் கேட்கிறதா என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். அந்த நேரம் பார்த்து, அடுப்பில் பருப்பு வைத்திருந்த குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. அவர் குக்கரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆ" என்றார். தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். குக்கரை நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் பருப்பைத் திறந்த சட்டியில்தான் வேகவைக்கிறேன். நோர்வேயில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை. நாமாகவே நம்முடைய சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

அந்த நாட்டில் மனிதர்கள் வாய் திறந்து சத்தமிடுவதற்கென்று ஓர் இடம் உண்டு. சேர்ந்து பாடும் குழு. அதைக் 'கூர்' என்பார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் உடன் வேலை செய்த ஒருத்தி, தனியாக இருக்கிறாயே என்று என்னையும் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். முப்பது பேர். சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற சிக்ரிட்தான் தலைவி. எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது என்பதைப் பெரிதுபடுத்தாமல் சேர்த்துக்கொண்டாள். ஒரே ஒரு குறைதான் சொல்வாள். பாடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமிழ்த்துவாள். "மெதுவாக, செல்வி. மற்றவர்களோடு கரைந்து போ." நானும் ஆண்டுக்கணக்காகக் கரைந்துகொண்டுதான் இருந்தேன்.

சென்ற மார்கழியில் அந்தக் குழு இலங்கைக்குப் புறப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் பாடகர்கள் கண்டியில் ஒரு வாரம் கூடுகிறார்கள் என்றும், ஒருநாள் பிற்பகல் உள்ளூர் இசைக்கலைஞர்கள் நமக்காகப் பாடப்போகிறார்கள் என்றும் சிக்ரிட் சொன்னாள். நான் பிறந்து வளர்ந்தது கண்டியிலிருந்து அதிக தூரமில்லாத நாவலப்பிட்டி. ஊருக்குப் போக எனக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை. ஆனால் இந்த முறை, நோர்வேக் கொடி அச்சிட்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெளிநாட்டவர்களோடு வெளிநாட்டவளாக, குளிரூட்டிய பஸ்ஸில் கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் ஏறினேன். கண்டியில் ஒரு கடையில், "அண்ணே, ஒரு பிளேன்டீ போடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "யெஸ் மேடம், நோ ஷுகர்?" என்றார். சீனியில்லாத தேநீரைப் பேசாமல் குடித்துவிட்டு வந்தேன்.

பாட வந்தவர்கள் தெல்தெனியாவுக்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஒரு சிறிய கிராமத்துப் பாவாக்கள். சூபி வழியில் வந்த பக்கீர்களை நம் பக்கத்தில் பாவா என்றுதான் சொல்வோம். ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்த வட்டமான றபானைத் தட்டிக்கொண்டு, இறைவனையும் இறைநேசர்களையும் தமிழில் பாடுவார்கள். அன்று வந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் சித்தீக் பாவா. அறுபதைத் தாண்டியவர்; மெத்தை தைப்பது தொழில்; பச்சைத் தலைப்பாகையும் நரைத்த தாடியுமாகப் பார்த்தவுடன் சிரிக்கிற முகம். அவருடைய தங்கை மகன் றசீன் த்ரீவீல் ஓட்டுபவன். மற்ற இருவரும் அவர்களோடு சேர்ந்து பாடும் உறவினர்கள். மொரோக்கோவிலும் பிரான்சிலும் மேடையேறிவிட்டு வந்தவர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் பெருமையோடு அறிமுகப்படுத்தினார்கள்.

மண்டபம் வாவிக்கரைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. பாடல் தொடங்குமுன் சிக்ரிட் என்னைப் பாவாக்கள் இருந்த பக்கத்து அறைக்கு இழுத்துப் போனாள். அவள் கையில் நிகழ்ச்சித் தாள். அதில் ஒரு பக்கீர் தன் கன்னத்தில் ஊசிக்கம்பி குத்தியிருக்கும் பழைய படம். இதையும் இன்று செய்வார்களா என்று கேட்கச் சொன்னாள். ஜெர்மன்காரர் ஒருவர் அதற்காகவே பெரிய கமராவோடு வந்திருக்கிறாராம். சிக்ரிட்டுக்கோ பயம். "வைத்தியர் ஒருவரை வரச் சொல்லட்டுமா என்று முதலில் கேள்" என்றாள்.

நான் கேட்டேன். சித்தீக் பாவா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருக்கு சொகமில்ல? இந்தம்மாவுக்கா? இங்கால வரச் செல்லுங்க, ஓதிப் பாப்பம்."

இல்லை பாவா, உங்களுக்காகத்தான் வைத்தியர் என்று சொல்லி, படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்தார். சிரிப்பு மறையவில்லை, ஆனால் குரல் தணிந்தது.

"அது பாக்கிறத்துக்கு உள்ளதில்ல தங்கச்சி. எங்கட கந்தூரியில, கலீபாட உத்தரவு எடுத்து, ஒளு செஞ்சி, நிய்யத்து வெச்சி செய்ற காரியம். டிக்கட்டுக்கு அதச் செய்யேலா. பிரான்சிலயும் கேட்டாங்க, அங்கயும் ஏலாண்டுதான் சென்னோம். பாட்டுக் கேக்கிறத்துக்கு வந்தீக்கிறாங்க, பாட்டு தாறோம். மனசு நெறயத் தாறோம்."

மொழிபெயர்ப்பவளுக்கு இப்படியான இடத்தில் ஒரு சபலம் வரும். இன்று உடம்பு சரியில்லையாம், நேரம் போதாதாம் என்று எதையாவது சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் முகம் கோணாமல் தப்பிக்கலாம். ஏமாற்றமடையப் போகிறவர்கள் என் குழுவினர். மறுப்பவர் என் மண்ணின் மனிதர். இறைநேசரின் நினைவு விழாவான கந்தூரி, அவர்கள் குருவான கலீபா, கழுவித் தூய்மையாகும் ஒளு, மனதில் எண்ணம் வைக்கும் நிய்யத்து என எதையும் விடாமல், நான் அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். சிக்ரிட் மடித்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "எங்கள் தேவாலயத்தில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை டிக்கட் போட்டு மேடையில் காட்டச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வரும்" என்றாள். நேராக மண்டபத்துக்குள் போய், ஆங்கிலத்தில், இன்று பாட்டு மட்டும்தான், தாளில் போட்ட படத்துக்கு மன்னியுங்கள் என்று அறிவித்தாள். ஜெர்மன்காரர் கமராவை உறையில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அவரோடு இன்னும் சிலரும் போனார்கள். வெளியே போகிறவர்களுக்கும் சித்தீக் பாவா நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னார்.

அதற்குள் வேறொரு தொல்லை. மார்கழி மாதத்துக் கண்டியின் ஈரத்தில் றபான்களின் தோல் தொய்ந்துவிட்டது. தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம். வழக்கமாகச் சாம்பிராணிச் சட்டியின் தணலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். மண்டபப் பொறுப்பாளர் தணலைக் கண்டதும் கையை ஆட்டிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "பே, பே! கிந்தர பே!" நெருப்பு ஆகாது என்றால் ஆகாதுதான். றசீன் இரண்டு றபான்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டை என் கையில் கொடுத்தான்.

"வாங்க தாத்தா, முன்னுக்கு ரொட்டிக் கடை ஈக்கி."

தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. நோர்வே அட்டை கழுத்தில் ஆட, றபான்களைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் வீதியைக் கடந்தேன். கொத்து ரொட்டி போடுகிற பெரிய இரும்புக் கல்லுக்கு மேலே, நெருங்காமலும் விலகாமலும், தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். கொத்துப் போடுகிறவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். றசீன் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினான். 'ணங்' என்றது. கொத்துப் போடுகிறவர் தன் கையிலிருந்த இரண்டு தகடுகளாலும் கல்லில் அதே தாளத்தைத் திருப்பி அடித்துக் காட்டினார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது மண்டபத்தில் கதிரைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். மேடை வேண்டாம், சபையோடு சபையாக உட்கார்ந்துதான் பாடுவோம் என்று சித்தீக் பாவா சைகையிலேயே சொல்லியிருக்கிறார். நோர்வேக்காரர்களும் ஜப்பானியர்களும் இத்தாலியர்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மடங்க மறுக்கும் கால்களை ஒருவாறு மடக்கி, பாய்களில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். பாவாக்கள் நடுவில். என்னை மொழிபெயர்ப்புக்காகப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள்.

சித்தீக் பாவா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். பேசும்போது கரகரத்த குரல், பாட்டில் ஏறியதும் வேறொருவருடையதாகிவிட்டது. நெஞ்சிலிருந்து வருகிறதா, அந்த மலைச்சரிவிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. நான்கு றபான்களும் முதலில் தனித்தனியாக நடந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்தன. மழை தகரக்கூரையில் தூறத் தொடங்கிக் கொட்டத் தொடங்குவது போல. எத்தனையோ மண்டபங்களில் தேர்ந்த இசையைக் கேட்டிருக்கிறேன். கேட்கிறவரை இப்படிப் பிடித்து உள்ளே இழுக்கிற இசையை அங்கெல்லாம் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று குறைந்தது. பாவாவின் பாட்டு தனியாகப் பாடுவதற்கானதல்ல. அவர் ஒரு அடி பாடி நிறுத்துவார். சபை பதில் அடியைச் சொல்லவேண்டும். "வாடி நிற்கும் பயிருக்கெல்லாம் வான் திறந்து தருபவனே" என்று பாடி நிறுத்தினார். மற்ற மூவரின் பதில் மட்டும் மெல்லியதாக எழுந்தது. சபை மரியாதையோடு, ஒரு தும்மல்கூட இல்லாமல், உறைந்திருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவர் றபானை மடியில் சாய்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, இவங்களுக்குப் புடிக்கல்லயா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு பாவா. புடிச்சா இப்படித்தான் சும்மா இருப்பாங்க."

"சும்மா ஈந்தா நான் எப்பிடிப் பாடுற?"

அவர் மறுபடி தொடங்கினார். அந்த அடி முடிந்து குரல் நின்றபோது, என்ன நினைத்தேனோ, நான் பதில் சொன்னேன். "வந்து நின்றோம் உன் வாசலிலே."

யாரும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. அப்பா தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு நாவலப்பிட்டியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போய், துணிக்கட்டுகளுக்கு நடுவே இருந்து வீட்டுப்பாடம் செய்வேன். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஒரு பாவா சாம்பிராணிச் சட்டியோடு கடைகடையாக வருவார். அவர் வாசலில் நின்று இந்த அடியைப் பாடினால், முதலாளி கல்லாவிலிருந்தும், அப்பா துணி அளந்தபடியும், பக்கத்து நகைக்கடை ஆசாரி தன் கடையிலிருந்தும் பதில் சொல்வார்கள். எவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று அந்தப் பாட்டு கேட்டதில்லை. நானும் கணக்குப் போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது.

முதல் தடவை பாதிக்குரலில்தான் சொன்னேன். பெண்பிள்ளை பாடலாமா, இவர்களுக்குச் சங்கடமாகுமோ என்ற கூச்சம். சித்தீக் பாவா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார். றபானை ஓங்கித் தட்டினார். அடுத்த அடிக்கு நான் முழுக்குரலில் சொன்னேன். பழக்கதோஷத்தில் சிக்ரிட்டின் கையைத் தேடினேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி உயர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டுமல்ல, குழு முழுவதற்கும். முப்பது நோர்வேக்காரர்கள் 'வந்து நின்றோம்' என்பதை 'வந்தூ நின்றூம்' என்று பாடினார்கள். இத்தாலியர்கள் சேர்ந்தார்கள். ஜப்பானியப் பெண்கள் தாளத்தைக் கைகளில் பிடித்துக்கொண்டார்கள். சுவர் ஓரத்தில் நின்ற மண்டபப் பொறுப்பாளரும் சொல்லக் கண்டேன். சித்தீக் பாவாவின் முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. அதே அடியை எத்தனை விதமாகப் பாடமுடியுமோ அத்தனை விதமாகப் பாடி, சபை சளைக்கிறதா தான் சளைக்கிறேனா பார்ப்போம் என்பது போல இழுத்துக்கொண்டே போனார்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். றசீன் என் காதோடு சொன்னான்: "பிரான்சில இப்பிடித்தான் தாத்தா. கை தட்டு நிக்கவே இல்ல. எங்களப் போகச் செல்றாங்களாக்கும்ண்டு உள்ளுக்குப் போய்த்தோம். திரும்பக் கூட்டி வந்தாங்க. திரும்பவும் தட்டுறாங்க. திரும்பவும் போனோம். அவங்க இன்னொரு பாட்டுக் கேட்டீக்கிறாங்கண்டு ரூமுக்குப் போனப் பொறகுதான் வெளங்கின."

சித்தீக் பாவா என்னருகே வந்தார்.

"தங்கச்சி நாவலப்பிட்டியா?"

"எப்படித் தெரியும் பாவா?"

"கடேசில அந்த இழுப்பு. நாவலப்பிட்டிக் கடத்தெருவுலதான் அப்பிடி இழுப்பாங்க." பிறகு, "நாளக்கி எங்கட ஊட்டுக்கு எல்லாரயும் கூட்டிட்டு வாங்க. கந்தூரிச் சாப்பாடு" என்றார்.

மறுநாள் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் பஸ் ஏறியது. பாவாவின் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தரையில் துணி விரித்து, அங்கங்கே சஹன் வைத்திருந்தார்கள். சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நெய்ச்சோறும் இறைச்சியும் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து, அவரவர் பக்கத்திலிருந்து உண்பது. சிக்ரிட்டும் இன்னும் நான்கு பெண்களும் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து, முள்ளுக்கரண்டி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஆறாவது ஆளாக அமர்ந்து, சோற்றை எப்படித் திரட்டுவது, பெருவிரலால் எப்படித் தள்ளுவது என்று காட்டினேன். அவர்கள் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு கறிக்கும் பெயர் கேட்டார்கள். இது உறைக்குமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டார்கள். என் வயிறு நிறைந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்துச் சஹனைப் பார்த்தேன். பாவாவின் மனைவி மர்ழியாவும் வீட்டுப் பெண்கள் நால்வரும் அதைச் சுற்றி இருந்தார்கள். ஐந்து பேரின் பக்கமும் சோறு குழிந்திருந்தது. ஆறாவது பக்கம் மட்டும் ஒரு பருக்கை கலையாமல், இறைச்சித் துண்டுகளோடு மேடாக நின்றது. அந்த இடத்தில் யாரும் இல்லை. யாரும் நெருங்கி உட்கார்ந்து அதை அடைத்துக்கொள்ளவும் இல்லை. மர்ழியா என்னைப் பார்த்தார்.

"ஒங்கட எடம்தான் மகள். அவங்களுக்கு எல்லாம் காட்டிக் குடுத்துட்டு ஆறுதலா வாங்க."

எழுந்து போய் அந்த இடைவெளியில் உட்கார்ந்தேன். இரு பக்கமும் முழங்கால்கள் என் முழங்கால்களைத் தொட்டன. பசியே இல்லாமல் முதல் பிடியை எடுத்து வாயில் வைத்தேன். பின்னாலிருந்து சிக்ரிட், அங்கே எதற்குப் போனாய், அது வேறு சாப்பாடா என்று நோர்வே மொழியில் கேட்டாள். நான் திரும்பிப் பார்த்து, வாய் நிறைந்த சோற்றோடு அவளுக்குத் தமிழில் பதில் சொன்னேன்.