மணல் மூட்டையும் தையற்காரத் துரையும்

செங்கல்பட்டு நண்பர்கள் ஹாக்கி கழகத்தின் கோல் கீப்பர் அப்துல் சுபஹானுக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது. மரவாடியில் வேலை. தேக்கையும் வேங்கையையும் தட்டிப் பார்த்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆட்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். அனேகம் பேர் உளுத்தவர்களாகவே இருந்தார்கள். கோலில் நிற்பவனுக்குப் பத்துப் பேரின் முதுகும் தெரியும், எவன் ஆடுகிறான், எவன் ஆடுகிற மாதிரி ஓடுகிறான் என்று முதுகே சொல்லிவிடும் என்பது அவர் கட்சி.

எழுபத்து மூன்றில் மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே கழகம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. எதிரணி இடித்த இடியில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். செயலாளர் பார்த்தசாரதி தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க். ஹாக்கி மட்டையின் எந்தப் பக்கத்தால் பந்தை அடிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது சுபஹானின் கணிப்பு. அவர்தான் கூட்டம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். நம் பையன்களுக்கு உடம்பில் வலு இல்லை, இனி வித்தை காட்டுகிறவனுக்கு இடமில்லை என்றார்.

முதலில் போனவன் துரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்தவன். கழகத்தில் நடுவில் நின்று ஆடும் சென்டர் ஹாஃப். காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் போலிருக்கும். ஆனால் மட்டை முனையில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைத் தாண்டுவான். அவன் இடத்துக்குப் படாளம் ரைஸ்மில்லில் மூட்டை ஏற்றும் அருணகிரி வந்தான். நெல் மூட்டையைத் தலையணை மாதிரி புரட்டுகிறவன். ஹாக்கிப் பந்தை அதற்குமுன் அவன் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து எல்லோரையும் மாமல்லபுரம் கூட்டிப்போனார் செயலாளர். தோளில் மணல் மூட்டையோடு கடற்கரையில் ஓட வேண்டும். சுபஹான் ஒரே ஒரு வாரம் போனார். படகு நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன இடியாப்பத்தைத் தின்று முடித்தார். ஏன் ஓடவில்லை என்று பார்த்தசாரதி கேட்டபோது, "மூட்டை தூக்குற போட்டின்னா சொல்லுங்க சார், ஓடறேன். ஹாக்கின்னா பந்து எங்க கீது?" என்றார்.

மறுவருடப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டங்களையும் கழகம் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. அருணகிரி வருவதைப் பார்த்ததும் எதிரணிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். செயலாளர் அவனுக்கு மாலை போட்டார். சுபஹான் காலில் கட்டியிருந்த பேடைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம், இது ஜெயிப்பு இல்லை, அவர்கள் பயந்து வீட்டுக்குப் போனது, பயப்படாதவன் ஒருத்தன் வரட்டும், அப்போது தெரியும் என்றார்.

பயப்படாதவர்கள் இறுதி ஆட்டத்துக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள். தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர்கள். எலும்பும் தோலுமான அவர்களைப் பார்த்துச் செயலாளர் சிரித்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அருணகிரி வந்து சேர்வதற்குள் பந்து இன்னொருத்தனிடம் போயிருக்கும். அங்கே ஓடினால் மூன்றாமவனிடம் போயிருக்கும். அவிழ்த்துவிட்ட காளையாக அவன் மைதானம் முழுக்க ஓடினான். கடற்கரையில் ஓடிய மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். இடைவேளைக்குள் சுபஹான் நான்கு தடவை வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தார்.

துரை கடையைச் சாத்திவிட்டுக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனை இறக்கச் சொன்னார் சுபஹான். அணியின் கொள்கையை மாற்ற முடியாது என்றார் பார்த்தசாரதி. சுபஹான் கால் பேடை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தார்.

"அப்டின்னா கொள்கையக் கொண்டாந்து கோல்ல நிக்க வெய்யுங்க சார். நான் வூட்டுக்குப் போறேன்."

வேறு கோல் கீப்பர் கிடையாது. செயலாளர் இறங்கி வந்தார்; துரை யாருடைய மட்டையையோ வாங்கிக்கொண்டு இறங்கினான். அவனுக்காகத் தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அருணகிரி காத்திருந்தான். சுபஹானே வேறொருவனை உட்காரச் சொன்னார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே பிற்பாடுதான் விளங்கியது. தோற்றுக்கொண்டிருந்த அத்தனை நேரமும் கூனிப்போகாத முதுகு அருணகிரியுடையது ஒன்றுதான்.

அருணகிரி துரையிடம் போய், "அண்ணாத்த, எனுக்குப் புடுங்கத்தான் தெரியும், வெச்சிக்கத் தெரியாது. புடுங்கிக் குடுக்கறேன், நீ வாங்கிக்கோ" என்றான்.

அப்படியே செய்தான். இப்போது அவன் பந்துக்குப் பின்னால் ஓடவில்லை. துரை கை காட்டிய இடத்தில் நின்றான். வந்தவனிடமிருந்து பந்தைப் பறித்ததும் தட்டிவிட்டான். துரை அதை எடுத்துக்கொண்டு நெசவாளர்களுக்கு நடுவே புகுந்து போனான். இரண்டாம் பாதியில் சுபஹான் வலைக்குள் குனியவே இல்லை. கழகம் மூன்று கோல் போட்டது. நான்குக்கு மூன்று என்று தோற்றது.

அடுத்த வாரம் பார்த்தசாரதி மறுபடி கூட்டம் போட்டார். வித்தைதான் ஹாக்கி, முரட்டு ஆள் நமக்கு வேண்டாம், அருணகிரியை நீக்கிவிடலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். போன வருடம் எதிர்ப்பக்கம் பேசியதன் சுவடே முகத்தில் இல்லை. சுபஹானுக்குக் கோபம்கூட வரவில்லை.

"உங்களுக்கு ஒருத்தன வெளிய தள்ளணும், அவ்ளோதான். போன வருசம் துரை, இந்த வருசம் இவனா? ரெண்டு பேர்ல ஒருத்தன் இல்லேன்னாலும் நான் நிக்க மாட்டேன்" என்றார். மற்றவர்களும் எழுந்து அவர் பக்கம் போய் நின்றார்கள்.

எழுபத்தைந்தில் கப் செங்கல்பட்டுக்கு வந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களைத்தான் ஜெயித்தார்கள், இரண்டுக்கு ஒன்று. பாராட்டு விழாவில், வலுவையும் வித்தையையும் கலக்கத் தாம் போட்ட திட்டத்தைப் பற்றிச் செயலாளர் விளக்க ஆரம்பித்தார். சுபஹான் எழுந்து துரையின் தோளைத் தட்டினார், அருணகிரியும் எழுந்தான். மூன்று பேரும் எதிர்க்கடையில் சமோசாவும் டீயும் சொன்னார்கள்.

ஒலிபெருக்கியில் தன் பெயர் வந்ததைக் கேட்டு, சார் இன்னா சொல்றாரு பாய் என்று அருணகிரி விசாரித்தான்.

"உன்னக் கண்டுபுடிச்சதே அவருதானாம். சமோசா ஆறிப்போவுது, சாப்புடு."