ஊற்றாத தண்ணீர்

சிவக்கொழுந்து, சாவகச்சேரிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்பத்திரிப் பிரசவ விடுதியில் இருபது வருடமாகத் தாதி. ஒரு நாள் ஜெனிற்றா என்ற மயிலிட்டிக் கத்தோலிக்கப் பெண்ணுக்குக் குறைமாதத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. அது பிழைக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து எழும்ப முடியாமல் கிடந்த ஜெனிற்றா கெஞ்சினாள். “பாதர் வரப் பிந்தும். நீங்கள் தலையிலை தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுங்கோ மிஸ்ஸி. பிள்ளையின்ரை பேரையும் சொல்ல வேண்டிய ஜெபத்தையும் நான் சொல்லித்தாறன்.”

“நான் சைவம், பிள்ளை. நான் செய்தால் சரிவராது,” என்றார் சிவக்கொழுந்து. கால் மணி நேரத்தில் குழந்தை இறந்தது.

பிறகு வந்த பாதர் கோபிக்கவில்லை. “ஆபத்து நேரத்திலை ஆரும் குடுக்கலாம் அம்மா, சைவக்காரரும்தான். திருச்சபை செய்யிறதைச் செய்யிற எண்ணம் இருந்தால் போதும்,” என்றார். பிள்ளையை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து ஜெபித்தார்.

ஒரு மாதம் கழித்துச் சிவக்கொழுந்து மயிலிட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாதுதானே மிஸ்ஸி. கடவுள் அவனைக் கைவிடமாட்டார்,” என்றாள் ஜெனிற்றா. பிறகு மெல்லச் சொன்னாள்: “நீங்கள் ஊத்தியிருந்தால், ஒருக்காலாவது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பியள்.”

“என்ன பேர் வைக்க இருந்தனீங்கள்?”

“றயன்.”

சிவக்கொழுந்து அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.