காணாமற்போன தீடை

தலைமன்னார் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர் ஒல்லியான, கறுத்த மனிதர். மடியிலிருந்த மெழுகுதிரிக் கட்டை அடிக்கடி தடவிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவராம். நான் ஓய்வுபெற்ற பதிவாளர் என்றதும், மனைவியின் இறப்பைப் பதிய வழி கேட்டார்.

"செத்த இடத்தைச் சொல்லுங்கோ. இடமில்லாமல் பதியேலாது."

"தீடையில, ஐயா. இந்தியாக் கரையெண்டு சொல்லி வள்ளக்காரன் நடுக்கடல் மணல்திட்டில இறக்கிவிட்டிட்டான். குடிக்கத் தண்ணியில்லாமல் செத்திட்டா. அதிலேயே தாட்டனான்."

"இலங்கைத் தீடையோ, இந்தியத் தீடையோ?" சட்டம் பேசாமல் எனக்கு மூச்சு வராது.

"தெரியாது. போன கிழமை போய்ப் பாத்தனான். அந்தத் தீடையே இல்லை, கடல் கொண்டுபோட்டுது. தள்ளிப் புதுசா ஒண்டு எழும்பியிருக்கு. இண்டைக்கு அதில மெழுகுதிரி கொளுத்தினால் அவவுக்குப் போய்ச் சேருமோ, ஐயா?"

பேசாலையில் இறங்கவேண்டிய நான், பேருந்து அதைத் தாண்டிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.