தடங்கல் இசை

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் முழுநேர இசையமைப்பாளன். சினிமாக்காரர்கள் மாதிரி கற்பனை செய்துவிடாதீர்கள். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில், கையில் டிபன் பாக்ஸ், போனதும் மேஜைமேல் ஸ்டாப்வாட்ச். "சார், நெற்பயிர்ப் பூச்சிக்கு இருபது செகண்ட் வேணும், கொஞ்சம் சோகமா" என்பார் தயாரிப்பாளர். போட்டுக் கொடுப்பேன். மத்தியானம் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சந்தோஷமாகப் பதினைந்து செகண்ட்.

நான் போட்டதில் ஊரே அதிகம் கேட்டது, ஒளிபரப்பு அறுந்தால் திரையில் காட்டும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டைக்கான இசையைத்தான். ஒளிபரப்பு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த இடத்தில் வெட்டினாலும் உறுத்தாதபடி அதை அமைக்க வேண்டும். ஒரே ஒரு வீணையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது வந்தாலே ஜனங்கள் பல்லைக் கடித்தார்கள்.

அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவர் பிடித்துக் கொடுத்த வாத்தியார் வேலையை நான் உதறியதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் வாயால் 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். என் பாட்டுகளுக்கென்று அரை மணி நேரம் கிடைத்தபோது கெஞ்சிக் கூத்தாடி, சேலையூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே டிவி வீட்டுக்கு அவரை அழைத்துப்போனேன்.

இரண்டு நிமிடம்தான் ஓடியது. அட்டை வந்துவிட்டது, கூடவே என் வீணையும்.

"வந்துட்டான்யா! எவன் சார் இந்த இழவைப் போடறது? உங்க ஆபீஸ்தானே?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். கூடமே சிரித்தது. அப்பாவும் என்னைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரோ சார், தெரியல" என்றேன்.

நிகழ்ச்சி திரும்பவே இல்லை. வீட்டுக்கு நடக்கையில் கேம்ப் ரோட்டில் அப்பா மூச்சு வாங்க நின்றார்.

"உன் புரோகிராம் போனாப் போகுது. நடுவுல ஒரு வீணை வந்துச்சே, அதைப் போட்டவனுக்கு வேலை தெரியும்டா. அவன்கிட்ட போய்க் கத்துக்கோ."

நான்தான்பா அது என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் தெரியாது என்றவன் பேச்சை அவர் எப்படி நம்புவார்? அடுத்தவன் உழைப்பைத் தன்னுடையது என்கிறான் என்றுதான் நினைப்பார். "சரிப்பா" என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். இனி எழமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆளைப் பார்த்தியா?"

"பார்த்தேன்பா. தினமும் கத்துக்கறேன்" என்றேன்.

"பரவாயில்லை" என்றார்.